ஊட்டியில் மட்டன் ஸ்டூ: கறி ரப்பர் மாதிரி, கேரட் நறுக் நறுக். எங்கே தப்பு?

மலைரயில்:
வணக்கம். இந்த வருஷம்தான் சென்னையிலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வந்தோம். கேரட், டர்னிப், உருளைக்கிழங்கு எல்லாம் தோட்டத்து மண்ணோட கிடைக்குது, குளிரும் இருக்கு, அதனால ஸ்டூ செய்யத் தோணுச்சு. சென்னையில் இதே அடிகனமான பாத்திரத்தில் ஒன்றரை மணி நேரத்தில் கறி பூவா வெந்துடும். இங்கே ரெண்டு மணி நேரம் கொதிச்ச பிறகும் கறி நார் நாராத்தான் இருக்கு. கேரட் வேகவே இல்லை. சாறு தண்ணி மாதிரி.

செய்முறை: முக்கால் கிலோ எலும்பில்லாத தொடைக்கறி, காலையில் வெட்டினதை வாங்கி வந்த கையோட அடுப்பில் ஏத்தினேன். சின்ன வெங்காயம், மிளகு, பட்டை, கிராம்பு, நாலு தக்காளி, ஒரு ஸ்பூன் வினிகர். காய் எல்லாம் கறியோடவே போட்டுட்டேன். குக்கரில் வெச்சா கறி வேகுது, ஆனா காய் கூழாயிடுது. பக்கத்து டீக்கடைக்காரர் பப்பாளிக்காய் போடச் சொல்றார். ஞாயித்துக்கிழமை மாமனார், மாமியார் வர்றாங்க. யாராவது வழி சொல்லுங்க.

குன்னூர்க்காரி:
மலைக்கு வந்த எல்லாருக்கும் வர்ற தலைவலிதான் இது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காத்தழுத்தம் குறைவு, அதனால தண்ணி 100 டிகிரி வரை போகாது, 92, 93லயே கொதிச்சிடும். தீயைக் கூட்டினா தண்ணி சீக்கிரம் வத்துமே தவிர சூடு ஏறாது. உங்க சென்னைக் கணக்கு இங்கே செல்லாது. பருப்பு வேகவெக்கும்போதே கவனிச்சிருப்பீங்களே?

குக்கரைத் தள்ளிடாதீங்க. வெயிட் தர்ற அழுத்தம் வெளிக் காத்தழுத்தத்துக்கு மேலதான் சேரும். அதனால சென்னையில் 121 டிகிரி வரை போற குக்கர் இங்கே 117 பக்கத்தில் நிக்கும். கறிக்கு அது போதும், கூட அஞ்சு நிமிஷம் விட்டா சரி. காயைத்தான் அதுக்குள்ள போடக் கூடாது.

சப்பைக்கறி (திண்டுக்கல்):
சார், முதல் தப்பு தொடை. தொடையில் கொழுப்பும் சவ்வும் கம்மி, ரொம்ப நேரம் கொதிச்சா சாறெல்லாம் போய் வறண்டுடும். ஸ்டூவுக்குக் கழுத்து, முன்சப்பை, நெஞ்செலும்பு, இந்த மூணில் ஒண்ணைக் கேளுங்க. எலும்போட வாங்குங்க. கடையில் எங்கப்பா இதைத்தான் வீட்டுக்குன்னு எடுத்து வெப்பார், தொடை எல்லாம் பிரியாணிக்காரங்களுக்குப் போயிடும்.

ரெண்டாவது, அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கும். அந்த நேரத்தில் அடுப்பில் ஏத்தினா எந்த ஆடா இருந்தாலும் கடிபடத்தான் செய்யும். முதல் நாளே வாங்கி ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைங்க. ஃப்ரீசரில் இல்ல, கீழ்த்தட்டில். வாங்கும்போது எலும்பு வெட்டின இடத்தைப் பாருங்க, உள்ளே சிவப்பா இருந்தா இளசு. வெளுத்துப் போய், கறியும் கருஞ்சிவப்பா இருந்தா முத்தின ஆடு.

லண்டன் அன்ரி:
தம்பி, நான் இஞ்ச லாம்ப் கழுத்திலதான் செய்யிறனான். ஸ்வீட் (swede, டர்னிப் மாதிரி ஒரு கிழங்கு), பார்ஸ்னிப் (வெள்ளைக் கரட் மாதிரி), கரட் போட்டு, ஒரு கைப்பிடி பார்லியும் சேர்த்து ஓவனுக்குள்ள 150 டிகிரியில ரெண்டரை மணித்தியாலம் விட்டிடுவன். நல்லா அவியும். உங்களிட்ட ஓவன் இருந்தா அப்பிடிச் செய்து பாருங்கோவன். ஆனா ஒண்டு, இது செம்மறிக் குட்டி. அங்க விக்கிறது கூடுதலா வெள்ளாடுதானே, அதுக்குக் கொழுப்பு குறைவு. கொஞ்சம் நெய் கூடவா விடுங்கோ.

குன்னூர்க்காரி:
அக்கா, ஓவன் 150ல இருந்தாலும் பாத்திரத்துக்குள்ள இருக்கிற சாறு அது கொதிக்கிற சூட்டைத் தாண்டாதே. இங்கே அது அதே 93தான். லண்டன்ல ரெண்டரைன்னா ஊட்டியில் மூணரை மணி நேரத்துக்குத் தயாரா இருக்கணும், கேஸ் பில்லுக்கும் சேர்த்து 🙂 பார்லி யோசனை அருமை, சாறு தன்னால கெட்டியாகும்.

பழைய வாத்தியார்:
கேரட் வேகாததற்கு உயரம் பாதிக் காரணம்தான். மீதி உங்கள் தக்காளியும் வினிகரும். காய்களின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின். அது சூட்டில் கரைந்தால்தான் காய் மெத்தென்று ஆகும். புளிப்பு இருந்தால் அது எளிதில் கரையாது. முதலிலேயே நாலு தக்காளியும் வினிகரும் போய்விட்டால், 93 டிகிரியில் கேரட் எப்படி வேகும்? புளிப்பைக் காய் வெந்த பிறகு சேருங்கள்.

கறியில் கதை வேறு. சவ்வில் இருக்கும் கொலாஜன் 70 டிகிரிக்கு மேலேயே ஜெலட்டினாக மாறத் தொடங்கும், ஆனால் மெதுவாக. சூடு குறையக் குறைய நேரம் நீளும். சாற்றுக்கு உடம்பு தருவதும் அந்த ஜெலட்டின்தான், எலும்பில்லாத தொடையில் அது எங்கிருந்து வரும்?

பப்பாளிக்காய் வேண்டாம். அதில் உள்ள பப்பெய்ன் கறியின் மேல்பரப்பை மாவாக்கிவிடும், உள்ளே அதே நார். கபாபுக்கு அரைத்துத் தடவுவது வேறு விஷயம்.

குன்னூர்க்காரி:
ஞாயித்துக்கிழமைக்கு இப்படிச் செய்ங்க. கறியை ஈரம் போகத் துடைச்சு, கொஞ்சம் கொஞ்சமா நெய்யில் சிவக்க விடுங்க. மொத்தமா கொட்டினா தண்ணி விட்டு வெந்துடும், சிவக்காது. வெங்காயம், மசாலா, உப்பு, கறி முங்கத் தண்ணி. குக்கரில் முதல் விசிலுக்கப்புறம் சின்னத் தீயில் 25 நிமிஷம், ஆவி தானா அடங்கட்டும். பிறகு மூடியைத் திறந்துவெச்சு அதே சாத்துல காய். கேரட்டும் டர்னிப்பும் முதலில், கால் மணி நேரம் கழிச்சு உருளை. கட்டை விரல் அளவுக்கு நறுக்குங்க, பெரிசா போட்டா இங்கே பொழுது விடிஞ்சிடும். டர்னிப் தோலைத் தாராளமா சீவிடுங்க, கசப்பு அங்கேதான். கேரட் போட்டதிலிருந்து நாற்பது நிமிஷத்தில் எல்லாம் வெந்துடும். கடைசியா ஒரே ஒரு தக்காளி. நாலெல்லாம் எதுக்கு, இது ரசமா?

மலைரயில்:
எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமையே கழுத்துக்கறி வாங்கி ஃபிரிட்ஜில் வெச்சு, குன்னூர் அக்கா சொன்னபடியே செஞ்சேன். கறி எலும்பை விட்டுக் கழண்டு வந்துச்சு, கேரட் முழுசா இருந்துச்சு, மாமனார் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினார். ஆனா சாறு இன்னும் கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கு. மைதா கரைச்சு விடலாமா?

பழைய வாத்தியார்:
பச்சை மைதா வாசம் அடிக்கும். வெந்த உருளையில் நாலைந்து துண்டை எடுத்து மசித்து, சாற்றில் கலக்குங்கள். நீங்கள் போட்டது புது உருளையா? அதில் மாவு குறைவு, ஈரம் அதிகம், எவ்வளவு கொதித்தாலும் கரையாது. மசிப்பதற்கென்று பழைய உருளை ரெண்டு சேர்த்துப் போடுங்கள்.

சப்பைக்கறி (திண்டுக்கல்):
அடுத்த தடவை ரெண்டு நெஞ்செலும்பும் கூடப் போடச் சொல்லுங்க சார். மிச்சம் இருந்தா மறுநாள் காலையில் பாருங்க, ஃபிரிட்ஜில் சாறு கட்டியா உறைஞ்சிருக்கும். மேலே படிஞ்ச கொழுப்பை எடுத்துட்டுச் சூடு பண்ணி, ரொட்டிக்குத் தொட்டுக்கங்க.