கார், ஃபெர்ரி, டென்ட்: யூகேல இருந்து குடும்பத்தோட ஃபிரான்ஸ் கேம்ப்பிங் போறவங்களுக்கு

சம்மர் லீவுக்கு ஊருக்கு போலாம்னு நாலு பேருக்கு டிக்கெட் விலை பாத்துட்டு லேப்டாப்ப மூடி வச்சவங்க, அப்புறம் இந்த வருஷம் பக்கத்துலயே எங்கயாவது போய்ட்டு வரலாம்னு யோசிக்கறவங்க, உங்களுக்குதான் இதை எழுதறேன். சொந்த கார ஃபெர்ரில ஏத்திக்கிட்டு ஃபிரான்ஸ் போய் ஒரு வாரம் கேம்ப்பிங் பண்றது குழந்தைங்க இருக்க வீட்டுக்கு அருமையான லீவு. ஆனா ஆபீஸ்ல வெள்ளக்காரங்க சொல்ற மாதிரி சும்மா வண்டிய எடுத்துட்டு கெளம்பற விஷயம் இல்ல. அவங்க எடம் பாத்து, கப்பல் புக் பண்ணி, பொட்டி கட்டுவாங்க, அவ்ளோதான். நம்ம கைல இந்தியன் பாஸ்போர்ட்டோ ஸ்ரீலங்கா பாஸ்போர்ட்டோ இருந்தா விசா அப்பாயின்ட்மென்ட் எந்த தேதில கிடைக்குதுன்னு மொதல்ல பாத்துட்டுதான் மத்தது எதையும் தொடணும்.

யூகேல ஸ்கில்டு ஒர்க்கரா இருந்தாலும் டிபென்டன்டா இருந்தாலும், ஐஎல்ஆரே (நிரந்தரமா தங்கற அனுமதி) வாங்கியிருந்தாலும் ஷெங்கன் விசா (ஃபிரான்ஸ், நெதர்லாந்து மாதிரி பல யூரோப் நாடுகளுக்கு பொதுவான விசா) தனியா எடுக்கணும், யூகே விசா இருக்கேன்னு யாரும் விட மாட்டாங்க. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடில இருந்து அப்ளை பண்ணலாம், குறைஞ்சது 15 நாள் முன்னாடி கொடுத்திருக்கணும்னு ரூல், ஆனா அந்த 15 நாளை நம்பி உக்காராதீங்க, சம்மர் நெருங்க நெருங்க ஸ்லாட்டே கிடைக்காது. பெரியவங்களுக்கு 90 யூரோ, 6ல இருந்து 11 வயசு வரைக்கும் 45, ஆறு வயசுக்கு கீழ ஃப்ரீ, அது போக சென்டர்காரங்க சர்வீஸ் சார்ஜ். ஃபிரான்ஸுக்கு அப்ளிகேஷன டிஎல்எஸ்கான்டாக்ட்ங்கற கம்பெனிதான் வாங்கறாங்க, லண்டன் மான்செஸ்டர் எடின்பரோ மூணு எடத்துல. லவுஞ்சு, பிரீமியம்னு எக்ஸ்ட்ரா காசுக்கு ஏதேதோ காட்டுவாங்க, அது இல்லாமலே விசா வரும்.

எந்த நாட்டுல அதிக நைட் தங்கறீங்களோ அந்த நாட்டுக்குதான் அப்ளை பண்ணணும். எங்க ஸ்லாட் காலியா இருக்கோ அங்க போட்டுக்கலாம்னு வாட்ஸாப் குரூப்ல ஐடியா குடுப்பாங்க, கேக்காதீங்க, பார்டர்ல கேம்ப்சைட் புக்கிங் ஒரு நாடு விசா ஸ்டிக்கர் வேற நாடுன்னு இருந்தா பதில் சொல்லப்போறது நீங்கதான். ஹோட்டல் புக்கிங் மாதிரியே கேம்ப்சைட் கன்ஃபர்மேஷனும் செல்லும், எல்லா நைட்டும் அதுல கவர் ஆகியிருக்கணும், குடும்பத்துல எல்லார் பேரும் இருந்தா இன்னும் நல்லது. அதோட ஃபெர்ரி புக்கிங், காரோட வி5சி (வண்டி பதிவு பேப்பர்), இன்ஷூரன்ஸ், ஆபீஸ் லெட்டர், பே ஸ்லிப், மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், 30,000 யூரோவுக்கு கம்மி இல்லாத டிராவல் மெடிக்கல் இன்ஷூரன்ஸ். கவர் லெட்டர்ல எந்த போர்ட்ல இருந்து எந்த போர்ட்டுக்கு, எங்க எத்தனை நைட்டுன்னு தெளிவா எழுதுங்க. ஃபெர்ரியும் கேம்ப்சைட்டும் கேன்சல் பண்ற மாதிரியோ தேதி மாத்தற மாதிரியோதான் எடுக்கணும், பத்து பவுண்ட் கம்மின்னு காசு திரும்பி வராத டிக்கெட்ட எடுத்துடாதீங்க, விசா லேட் ஆனா மொத்தமும் போச்சு. பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள்ள இஷ்யூ ஆனதா, ஷெங்கன்ல இருந்து கிளம்பற தேதிக்கு மேல மூணு மாசமாவது வேலிடா இருக்கணும். இன்னொன்னு, பாஸ்போர்ட்ட புதுப்பிச்சிருந்தா யூகேவிஐ (யூகே விசா டிபார்ட்மென்ட்) அக்கவுன்ட்ல புது நம்பர லிங்க் பண்ணிடுங்க, இப்ப பிஆர்பிங்கற யூகே விசா கார்டு கிடையாது எல்லாம் இ-விசா, திரும்பி வரும்போது மாட்டிக்கிட்டு முழிக்க வேணாம்.

தேதிக்கு வருவோம். ஜூலை கடைசி, ஆகஸ்ட் மாசம்னா ஃபிரான்ஸ் முழுக்க ரோட்லதான் இருக்கும், கேம்ப்சைட் ரேட்டும் ஏறிடும். மே கடைசில வர ஹாஃப் டேர்ம் ஸ்கூல் லீவுதான் என்னை கேட்டா பெஸ்ட், கடல் தண்ணி சில்லுன்னு இருக்கும், ஆனா ரேட்டும் கூட்டமும் பாதி டென்ஷனும் கம்மி. ஸ்கூல் நாள்ல ஒரு வாரம் கட் அடிச்சிக்கலாம்னு நெனைக்கறவங்களுக்கு, இங்கிலாந்துல இப்ப ஃபைன் ஒரு பேரன்ட்டுக்கு ஒரு குழந்தைக்கு 80 பவுண்ட், 21 நாளுக்குள்ள கட்டலன்னா 160. ரெண்டு குழந்தை ரெண்டு பேரன்ட்னா நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

எந்த ஃபெர்ரிங்கறது நீங்க இருக்க ஊரை பொறுத்தது. லண்டன், கென்ட் பக்கம்னா டோவர்ல இருந்து கலே, ஒன்றரை மணி நேரம், டன்கர்க்னா ரெண்டு மணி நேரம். பிரைட்டன் பக்கம்னா நியூஹேவன்ல இருந்து டியெப், நாலு மணி நேரம். ரெடிங், சவுத்தாம்ப்டன், ஸ்விண்டன் ஆளுங்க டோவர் வரைக்கும் போய் கஷ்டப்படவே வேணாம், போர்ட்ஸ்மவுத்ல இருந்து வீஸ்த்ரஅம் போங்க, டிக்கெட்ல பக்கத்து ஊரான கான் (Caen) பேர்தான் போட்டிருக்கும், ஆறு மணி நேரம் ஆகும், ஆனா எறங்கன எடமே வடக்கு ஃபிரான்ஸ்ல இருக்க நார்மண்டி பீச். டோவர் டிக்கெட் கம்மியா தெரியும், அதுக்கப்புறம் கலேல இருந்து நார்மண்டிக்கு ஓட்டற மூணு நாலு மணி நேரம், பெட்ரோல், டோல் எல்லாம் சேத்து பாத்தா வித்தியாசம் பெருசா இருக்காது. லீட்ஸ், ஷெஃபீல்டு பக்கம் இருக்கவங்க ஹல்ல இருந்து ராட்டர்டாம் நைட் ஃபெர்ரி பாருங்க, ஆனா அப்ப ஹாலிடேவும் நெதர்லாந்துலதான், விசாவும் அவங்ககிட்டதான். கார ஏத்திக்கிட்டு கடலுக்கு அடியில போற டனல் ரயில் 35 நிமிஷத்துல கொண்டு போய் விட்டுடும், அது வேற வசதி, ஆனா கப்பல்ல டெக்ல நின்னு டோவர் வெள்ளப்பாறை தள்ளித்தள்ளி போறத பாக்கற சந்தோஷம் பசங்களுக்கு அதுல கிடைக்காது.

டோவர்ல ஃபிரெஞ்சு போலீஸ் செக்கிங் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே நடக்கும், போர்ட்ஸ்மவுத்ல அந்தப்பக்கம் எறங்கனதுக்கு அப்புறம். 2025 அக்டோபர்ல இருந்து பார்டர்ல ஈஇஎஸ்னு (என்ட்ரி எக்ஸிட் சிஸ்டம்) புது சிஸ்டம் வேற வந்திருக்கு, போட்டோ எடுத்து பதிவு பண்றாங்க, விசாவுக்கு ஏற்கனவே குடுத்த கைரேகைய சரிபாப்பாங்க, 12 வயசுக்கு கீழ உள்ள குழந்தைகளுக்கு கைரேகை கிடையாது போட்டோ மட்டும். அதனால கப்பல் கம்பெனி சொல்ற செக்-இன் டைமுக்கு நல்லா முன்னாடியே போய்டுங்க.

புக் பண்ணும்போது கார் ஹைட் கேப்பாங்க, ரூஃப் பாக்ஸ் வச்சா அதையும் சேத்து அளந்து போடணும். கப்பல் கெளம்புனதும் கார் டெக்க பூட்டிடுவாங்க, நடுவுல எறங்கி போக முடியாது. ஸ்வெட்டர், டயப்பர், வாந்தி மாத்திரை, புளி சாதம் எல்லாம் ஒரு பைல எடுத்துக்கிட்டு மேல போங்க. மாத்திரைய கப்பல் ஆட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் குடுத்து பிரயோஜனம் இல்ல, ஏறுறதுக்கு முன்னாடியே குடுத்துடணும்.

கார் பேப்பர் விஷயம் சுருக்கமா சொல்றேன். யூகே போட்டோகார்டு லைசென்ஸ் இருந்தா ஃபிரான்ஸுல அதுவே போதும், இன்னும் இந்தியன் லைசென்ஸ்ல ஓட்டிக்கிட்டு இருக்கவங்க (அதுவே இங்க 12 மாசம்தான் செல்லும்) மொதல்ல யூகே லைசென்ஸ் எடுத்துட்டு அடுத்த வருஷம் போங்க. வி5சி ஒரிஜினல் கைல இருக்கணும், லீஸ் கார்னா அந்த கம்பெனிகிட்ட வண்டிய வெளிநாட்டுக்கு எடுத்துட்டு போறதுக்கான விஇ103 பேப்பர் கேட்டு வாங்கணும். இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு ஒரு போன் போட்டுடுங்க, யூரோப்ல கவர் இருக்குன்னு பாலிசில எழுதியிருக்கும் ஆனா பல பாலிசில அது வெறும் தேர்டு பார்ட்டி மட்டும்தான். பிரேக்டவுன் கவர் யூரோப்புக்கு தனியா எடுங்க, இதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். வண்டி பின்னாடி யூகே ஸ்டிக்கர் (பழைய ஜிபி ஸ்டிக்கர் 2021ல இருந்து செல்லாது), வார்னிங் டிரையாங்கிள், வெளிச்சம் எதிர்ல வரவங்க கண்ல அடிக்காம இருக்க ஹெட்லைட் மேல ஒட்டற டிஃப்ளெக்டர், அப்புறம் மஞ்ச கலர் ஜாக்கெட். அந்த ஜாக்கெட் டிக்கில இல்ல, சீட்ல உக்காந்தபடியே கை எட்டற எடத்துல இருக்கணும். பத்து வயசுக்கு கீழ குழந்தைங்க பின் சீட்லதான்.

ஓட்டறதுக்கு அங்க வலது பக்கம். நம்ம கார்ல ஸ்டியரிங் வலது கை பக்கம் இருக்கறதால டோல் பூத்ல பக்கத்துல இருக்கவங்கதான் கைய நீட்டி டிக்கெட் எடுக்கணும், காசு கட்டணும். பாரிஸ்ல இருந்து நார்மண்டிக்கு போற A13 மோட்டார்வேல பூத்தே கிடையாது, கேமரா நம்பர் பிளேட்ட படிச்சுக்கும், 72 மணி நேரத்துக்குள்ள நாமளா ஆன்லைன்ல கட்டணும், பூத் வரல அதனால ஃப்ரீன்னு நெனச்சு போனா அபராதம் வரும். கான்ல இருந்து ரென் போற A84 டோல் இல்லாத ரோடு, அதை யூஸ் பண்ணிக்கோங்க. மோட்டார்வேல 130, மழை பேஞ்சா 110, ஊருக்கு வெளிய சின்ன ரோட்ல பெரும்பாலும் 80, எல்லாம் கிலோமீட்டர்ல. ஆளில்லாத பெட்ரோல் பம்ப்ல கார்ட போட்டா மொதல்ல நூறு யூரோவுக்கு மேல ஹோல்டு பண்ணிட்டு அப்புறம் விடுவாங்க, பயந்துடாதீங்க.

இப்ப டென்ட். மொத தடவையே டென்ட் வாங்கி, மெத்தை வாங்கி, கார் டிக்கி பத்தாம ரூஃப் பாக்ஸ் வாங்கின்னு போகாதீங்க. யூரோகேம்ப் மாதிரி கம்பெனிங்ககிட்ட ஏற்கனவே அடிச்சு வச்ச டென்ட்டோ மொபைல் ஹோமோ (சின்ன ரெடிமேட் வீடு) கிடைக்கும், கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளயே இருக்கும், பெட்ஷீட் தலகாணி உறை மட்டும் சேருமான்னு கேட்டுக்கோங்க. மொபைல் ஹோம்ல டாய்லெட்டும் உள்ளயே, வயசான அம்மா அப்பா கூட வந்தா வேற எதையும் யோசிக்காதீங்க. இல்ல நான் டென்ட்டுலதான் தூங்குவேன்னு அடம் புடிக்கறவங்க அதுக்கு முன்னாடி ஐல் ஆஃப் வைட் தீவுக்கு ஒரு வீக்கென்ட் போய் பாருங்க, போர்ட்ஸ்மவுத்ல இருந்து கார் ஃபெர்ரி, விசா தேவையில்ல, ராத்திரி மழைல டென்ட் ஒழுகுதா, வீட்டம்மாவுக்கு புடிக்குதா எல்லாம் அங்கயே தெரிஞ்சுடும்.

கேம்ப்சைட்ல நம்மாளுங்களுக்கு யாரும் சொல்லாத ரெண்டு விஷயம் இருக்கு. ஒன்னு, நீச்சல் குளம். ஃபிரான்ஸுல ஆம்பளைங்க லூஸ் ஷார்ட்ஸ் போட்டு எறங்க பல எடத்துல விட மாட்டாங்க, ஒட்டி புடிக்கற டிரங்க்ஸ்தான், சுத்தம்னு காரணம் சொல்வாங்க. லெக்கிங்ஸ் டீ ஷர்ட்டோட எறங்கற நம்ம பொம்பளைங்களையும் அப்படியே நிறுத்திடுவாங்க. அங்க போய் எல்லார் முன்னாடியும் கூச்சப்படறதுக்கு முன்னாடியே சைட்டுக்கு மெயில் போட்டு கேட்டுடுங்க, ஒத்து வரலன்னா பீச் பக்கத்துல இருக்க சைட்டா பாருங்க. ரெண்டாவது, பொது டாய்லெட்ல பேப்பரே இருக்காத எடமும் உண்டு. பேப்பர் ரோலும் ஒரு பிளாஸ்டிக் மக்கும் எடுத்துட்டு போங்க, விலாவாரியா வேணாம்.

சாப்பாடு. யூகேல இருந்து இயூக்குள்ள கறி, பால் பொருள் எதுவும் கொண்டு போகக்கூடாது, 2021ல இருந்தே இந்த ரூல். நெய், தயிர், பன்னீர், சிக்கன் வறுவல் எதுவும் வேணாம், குழந்தை பால் பவுடர் பிரிக்காத பாக்கெட்டா ரெண்டு கிலோ வரைக்கும் ஓகே. பச்சை காய்கறி, கறிவேப்பிலை எல்லாத்துக்கும் பிளான்ட் ஹெல்த் சர்டிஃபிகேட் கேக்கறாங்க, ஆனா தேங்காயும் வாழைப்பழமும் அந்த லிஸ்ட்ல கிடையாது, சாமி கும்பிட கொண்டு போலாம்! அரிசி, பருப்பு, மசாலா, பருப்புப் பொடி, புளிக்காச்சல் தாராளமா எடுத்துக்கோங்க. நெய்க்கு அங்க சூப்பர்மார்க்கெட்ல நார்மண்டி வெண்ணெய் வாங்கி உருக்குங்க, வாசனையே தனி.

கரண்டு கனெக்ஷன் பல சைட்ல 6 ஆம்ப்தான், 230 வோல்ட்டுக்கு கணக்கு போட்டா 1380 வாட். நம்ம வீட்டு கெட்டில் மூவாயிரம் வாட், இன்டக்ஷன் ரெண்டாயிரம், போட்ட உடனே டிரிப் ஆகும், ரிசப்ஷன் ஆள் வந்துதான் போடணும். சின்ன ரைஸ் குக்கர் அஞ்சூறு அறநூறு வாட்தான், அது ஓடும். அதனால சோறு கரண்டுல, குழம்பு கேஸ்ல. யூகேல விக்கற கேலர் கம்பெனி கேஸ் சிலிண்டர அங்க மாத்திக்க முடியாது, கேம்ப்பிங்காஸ்ங்கற பிராண்ட் சிலிண்டர் பெரிய கடைங்கள்ல கிடைக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் போடக்கூடாதுன்னு பெரும்பாலும் எல்லா சைட்லயும் இருக்கு, குக்கர் விசில அதுக்கு முன்னாடியே அடிச்சு முடிச்சுடுங்க. காலைல பாகெத், க்ரொசான் வேணும்னா முந்தின நாள் சாயங்காலமே ரிசப்ஷன்ல சொல்லி வைக்கணும்.

சுத்திப் பாக்க நார்மண்டில அரோமான்ஷ் பீச் போங்க, 1944ல நேசப்படைங்க கட்டன செயற்கை துறைமுகத்தோட மிச்சம் இன்னும் கடல்ல நிக்குது, தண்ணி வத்தற நேரத்துல கிட்டயே நடந்து போலாம். பாயோ டேப்பஸ்ட்ரிங்கற, 1066 நார்மன் படையெடுப்ப காட்டற பழைய எம்ப்ராய்டரி துணிக்காக மட்டும் பாயோ ஊருக்கு போகாதீங்க, அது இருந்த மியூசியத்த 2027 வரைக்கும் மூடிட்டாங்க, அந்த துணி 2026 செப்டம்பர்ல லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே வருது. கடல்ல பாறை மேல பழைய மடம் நிக்கற மோன் சான் மிஷேல்ல கார் பார்க் ரெண்டரை கிலோமீட்டர் தள்ளி, அங்கிருந்து ஃப்ரீ பஸ் இருக்கு. கலே வழியா போறவங்க ஒரு மணி நேரம் கூட ஓட்டினா நெவ் ஷபெல் வரும், முதல் உலகப்போர்ல ஃபிரான்ஸ், பெல்ஜியம் போர்முனைல செத்து கல்லறை கூட தெரியாத 4,700க்கு மேல இந்திய வீரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் 1927ல தெறந்த நினைவிடம். நம்ம ஆளுங்க கூட்டம் அங்க ரொம்ப கம்மி, போகணும்.

நம்ம ஊர் சாப்பாடு இல்லாம நாக்கு செத்துப்போச்சுன்னா பாரிஸ்ல லா ஷபெல், கார் து நோர் ஸ்டேஷன் பின்னாடி, முழுக்க ஈழத்தமிழர் கடைங்க, கறிவேப்பிலை முருங்கைக்காய்ல இருந்து கொத்து ரொட்டி வரைக்கும் கிடைக்கும். காரை பாரிஸுக்குள்ள எடுத்துட்டு போகாதீங்க, வெளியில ஏதாவது ஸ்டேஷன்ல போட்டுட்டு ரயில்ல போங்க.

திரும்பி வரும்போது சூட்கேஸ்ல சீஸ் அடுக்கறவங்க கவனிங்க, 2025 ஏப்ரல்ல இருந்து யூகே பக்கமும் இயூல இருந்து மாடு ஆடு பன்னி கறி, பால், சீஸ் எதுவும் சொந்த உபயோகத்துக்கு கூட கொண்டு வரக்கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க, ஹாம் சீஸ் சாண்ட்விச் கூட அதுல சேரும். மிச்ச வெண்ணெய கடைசி நாள் காலைல தோசைக்கு ஊத்தி தீத்துட்டு கெளம்புங்க.