அப்பச்சியின் சிபாப் மெஷினில் காற்றுக் கசிவு

காரைக்குடி பக்கம் கானாடுகாத்தானில் இருக்கிறோம். அப்பச்சிக்கு 71 வயது. தூக்கத்தில் மூச்சு தடைபடுவதால் 2016லிருந்து ஆட்டோ சிபாப் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் மெஷின், அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும்), அழுத்தம் 8–14, மூக்கு மாஸ்க், மீடியம். மூணு வாரமாக நடுராத்திரிக்கு மேல் அழுத்தம் ஏற ஏற ஒரே சீறல். வளவில் படுத்திருக்கும் ஆத்தாவே எழுந்துவிடுகிறார். காலையில் திரையில் கசிவு நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல். குறட்டையும் திரும்பிவிட்டது. பகலில் பேப்பரை விரித்தபடியே தூங்கிப்போகிறார்.

முதலில் மாஸ்க் மேல்தான் சந்தேகம். குஷன், ஸ்ட்ராப் இரண்டும் புதுசு போட்டேன், மாற்றமில்லை. டியூப்பின் ஒரு முனையை அடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கி, மறுமுனையில் ஊதிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. மாஸ்க் முன்னால் உள்ள துளைகளில் காற்று வருவது வழக்கமானதுதான், அது வேறு. கடைசியில் காற்றை ஈரமாக்க மெஷினில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கையை வைத்தால் காற்று அடிக்கிறது. ரப்பர் சீல் மஞ்சளித்து விறைத்துக் கிடக்கிறது. (டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்றணும் என்று சொல்லியும் பாதி நாள் கிணற்றுத் தண்ணீர்தான். தொட்டி முழுக்க உப்புப் படிவு.) தொட்டியைக் கழற்றி பக்க மூடியைப் போட்டு ஓட்டினால் கசிவு 10க்குக் கீழே வருகிறது, ஆனால் மூக்கு காய்ந்து ரத்தம் எட்டிப்பார்க்கிறது.

வாங்கிய கடையில் மாடல் நின்றுபோச்சு, புதுசு எடுங்கள் என்கிறார்கள்.

பழைய மாடலுக்குத் தொட்டியோ சீலோ மட்டும் மதுரை, திருச்சி பக்கம் எங்கே கிடைக்கும்?