ஷேக்ஸ்பியரின் வாழ்க்கையையும் நூலுரிமையையும் (நாடகங்களை எழுதியவர் யார் என்பதையும்) மாணவர்களோடு ஆராய எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: ஆசிரியை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் சிலருக்கு ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலோர் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வருகிற பிள்ளைகள். சென்ற வாரம் 'மெக்பெத்' நாடகத்தைத் தொடங்கியபோது, படிவம் ஐந்தில் பயிலும் மாணவன் ஒருவன் தான் பார்த்த காணொளி ஒன்றைப் பற்றிச் சொன்னான். கையுறை தைப்பவரின் மகனாகச் சிற்றூரில் பிறந்து, பல்கலைக்கழகத்தின் வாசலையே மிதிக்காத ஒருவரால் அரண்மனை வாழ்க்கையையும் சட்டத்தையும் இத்தாலிய நகரங்களையும் எழுதியிருக்க முடியாது என்றும், நாடகங்களை எழுதியவர் ஆக்ஸ்போர்டு பிரபு என்றும் அதில் உறுதியாகச் சொல்லப்பட்டதாம். "அப்படியென்றால் அவர் நம்மைப் போன்றவர் இல்லையா, டீச்சர்?" என்று கேட்டான். அவனுடைய தந்தை பால்மரம் வெட்டுபவர். அந்தக் கேள்வி ஒரு வாரமாக என் மனத்தை விட்டு அகலவில்லை.

"நான் சொல்கிறேன், நம்பு" என்று அவனிடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆவணங்களை அவர்கள் கண்முன் வைத்து, எது சான்று, எது ஊகம் என்று அவர்களே பிரித்தறியச் செய்ய விரும்புகிறேன். எந்த ஆவணங்களிலிருந்து தொடங்கலாம்? ஐயப்படுவோரின் வாதங்களை எவ்வளவு தூரம் எடுத்துச் சொல்லலாம்? வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர், கோலகங்சார்

அம்மா, நல்ல முடிவு எடுத்திருக்கிறீர்கள். முதலில் மாணவர்களிடம் சொல்ல வேண்டியது, ஷேக்ஸ்பியரைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்னும் பேச்சு தவறானது என்பதுதான். நம் திருவள்ளுவரைப் பற்றி நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் பிற்காலக் கதைகள். ஔவையார் என்ற பெயரிலோ வெவ்வேறு காலத்துப் புலவர் பலர் இருந்திருக்கின்றனர். அவற்றோடு ஒப்பிட்டால் ஷேக்ஸ்பியருக்குக் கிடைத்திருக்கும் எழுத்துச் சான்றுகள் மிகுதி. 1564 ஏப்ரல் 26 அன்று அவருடைய ஊரான ஸ்ட்ராட்போர்டின் தேவாலயத்தில் ஞானஸ்நானம், 1582 நவம்பரில் திருமண அனுமதி, 1583இல் மகள் சுசன்னா, 1585இல் இரட்டையரான ஹாம்னெட்டும் ஜூடித்தும், 1596 ஆகஸ்டில் பதினொரு வயது ஹாம்னெட்டின் அடக்கம், 1597இல் ஊரில் பெரிய வீடு வாங்கியது, 1616 ஏப்ரலில் மரணம் என்று பதிவுகள் வரிசையாக இருக்கின்றன.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்த ஊர்ப் பதிவுகள் அவரை எழுத்தாளர் என்று சொல்வதில்லை. நாடகங்களைப் பாராட்டிய லண்டன் எழுத்துகளில் பெரும்பாலானவை அவருடைய ஊரைச் சொல்வதில்லை. ஐயப்படுவோர் நிற்பது இந்த இடைவெளியில்தான். ஆகவே மாணவர்களிடம் இரண்டு தாள்களைக் கொடுங்கள். ஒன்றில் ஸ்ட்ராட்போர்டு மனிதரைப் பற்றியவற்றையும், மற்றொன்றில் எழுத்தாளரைப் பற்றியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று தேடச் சொல்லுங்கள். மிக வலுவான சந்திப்பு உயிலில் கிடைக்கும். 1616 மார்ச்சில் எழுதிய உயிலில் அவர் தம் நாடகக் குழுவின் தோழர்களான ஹெமிங்ஸ், பர்பேஜ், காண்டல் ஆகிய மூவருக்கும் நினைவு மோதிரம் வாங்கப் பணம் விட்டுச்சென்றார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1623இல், 36 நாடகங்கள் அடங்கிய முதல் பெருந்தொகுப்பை வெளியிட்டு, தங்கள் நண்பர் ஷேக்ஸ்பியரின் நினைவுக்காகவே அதைச் செய்ததாக எழுதியவர்கள் இவர்களில் ஹெமிங்ஸும் காண்டலுமே. அந்த 36 நாடகங்களில் 18 அதற்கு முன் அச்சாகாதவை. அவ்விருவர் இல்லையென்றால் நீங்கள் நடத்தும் மெக்பெத்தே நம் கைக்கு வந்திருக்காது. அதே தொகுப்பில் அக்கால நாடக ஆசிரியர் பென் ஜான்சன் அவரை 'ஏவன் ஆற்றின் இனிய அன்னம்' என்று அழைக்கிறார்; ஏவன் ஸ்ட்ராட்போர்டு வழியாக ஓடும் ஆறு. லியோனார்டு டிக்ஸ் என்பவரின் கவிதை ஸ்ட்ராட்போர்டில் உள்ள நினைவுச் சின்னத்தையே குறிப்பிடுகிறது.

நேர்மைக்காக ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். உயிலில் மோதிரத்தைப் பற்றிய வரி, முதலில் எழுதிய வரிகளுக்கு இடையே பின்னர் நுழைத்து எழுதப்பட்டிருக்கிறது. ஐயப்படுவோர் அதைச் சுட்டிக்காட்டுவார்கள். மனைவிக்குக் கட்டில் கொடுத்த புகழ்பெற்ற வரியும் அவ்வாறே இடையில் எழுதப்பட்டதுதான் என்பதையும், அந்த உயில் முழுவதுமே அடித்தல் திருத்தல் நிறைந்த வரைவு என்பதையும் மாணவர்கள் படத்தில் பார்த்தால், அதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று அவர்களே முடிவு செய்வார்கள். வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகம் இத்தகைய ஆவணங்களின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நம் ஊரில் அமர்ந்தபடியே பார்க்கலாம்.

போலிகளைப் பற்றியும் எச்சரியுங்கள். 1790களில் வில்லியம் ஹென்றி அயர்லாந்து என்னும் இளைஞர், ஷேக்ஸ்பியரின் கடிதங்களையும் ஒரு முழு நாடகத்தையுமே தாமே எழுதி, கண்டெடுத்ததாகக் காட்டினார். 1796இல் அந்த நாடகம் மேடையேறிய ஒரே இரவிலேயே எள்ளி நகையாடப்பட்டது. சான்றுக்கான ஏக்கம் கூடினால் கண் மங்கிவிடும்.

மறுமொழி: முன்னாள் தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

வணக்கம் டீச்சர். எனக்கு இலக்கியப் பயிற்சி கிடையாது. ஆனால் தோட்ட அலுவலகத்தில் பல ஆண்டுகள் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) எழுதியவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஷேக்ஸ்பியரின் ஆறு கையெழுத்துகள் கிடைத்திருக்கின்றன என்றும், அவற்றில் பெயர் ஒரே விதமாக எழுதப்படவில்லை என்றும், தன் பெயரையே ஒழுங்காக எழுதத் தெரியாதவர் எப்படி எழுத்தாளராக முடியும் என்றும் கேட்கிறார்கள். எங்கள் செக்ரோலில் ஒரு விதமாகவும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் வேறு விதமாகவும், அடையாளக் கார்டில் மூன்றாவது விதமாகவும் பெயர் பதிவாகி, பிற்காலத்தில் சேமநிதிப் பணம் எடுக்க அலைந்த குடும்பங்களை நான் நேரில் பார்த்தவன். காதில் விழுந்ததை எழுதும் காலத்தில், எழுத்து மாறினால் மனிதர் மாறிவிடுவதில்லை. ஆங்கிலத்திலும் அக்காலத்தில் எழுத்துக்கூட்டல் நிலைபெறவில்லை என்று படித்திருக்கிறேன்.

மற்றொன்று கைநாட்டு. ஷேக்ஸ்பியரின் தந்தை 1568இல் ஊரின் தலைமைப் பொறுப்பில் இருந்தும், ஆவணங்களில் கையெழுத்துக்குப் பதிலாக ஓர் அடையாளமே இட்டார். மகள் ஜூடித்தும் அவ்வாறே. மூத்த மகள் சுசன்னா தன் பெயரை எழுதியிருக்கிறார். என் தாயார் கடைசிவரை பெருவிரல் ரேகைதான் வைத்தார். அவர் பெற்ற நான் அதே அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும்.

மறுமொழி: ஆய்வு மாணவி, பினாங்கு

ஐயா சொன்னதைப் படித்தபோது நெகிழ்ந்தேன். ஆனாலும் ஒரு சிறு கவலை உண்டு. ஏழைப் பிள்ளையால் எழுத முடியும் என்பது, இந்தப் பிள்ளைதான் எழுதினார் என்பதற்குச் சான்றாகாது. நம் அனுபவம் தடையை நீக்குகிறது. நிறுவ வேண்டியதை ஆவணமே நிறுவ வேண்டும். பிறப்பைக் காட்டி மறுப்போருக்கு அக்கால நாடக ஆசிரியர்களின் பட்டியலே போதும்: மார்லோ செருப்புத் தைப்பவரின் மகன், பென் ஜான்சன் கொத்தனார் வீட்டில் வளர்ந்தவர்.

ஆக்ஸ்போர்டு பிரபுவை 1920இல் முன்மொழிந்தவர் தாமஸ் லூனி என்ற பள்ளி ஆசிரியர். பிரபு இறந்தது 1604இல். 'டெம்பெஸ்ட்' நாடகமோ 1609இல் பெர்முடா தீவருகே கப்பல் உடைந்த நிகழ்ச்சியைப் பற்றிய செய்திகளைப் பயன்படுத்தியதாகப் பெரும்பாலான அறிஞர் கருதுகின்றனர்; 1611 நவம்பரில் அது அரசவையில் நடிக்கப்பட்டது. மேலும் 1598இல் பிரான்சிஸ் மியர்ஸ் எழுதிய நூலில் நகைச்சுவையில் சிறந்தோர் வரிசையில் ஆக்ஸ்போர்டும் ஷேக்ஸ்பியரும் தனித்தனியாக இடம்பெறுகிறார்கள். இருவரும் ஒருவரே என்றால் மியர்ஸ் இரண்டு முறை எழுத வேண்டியதில்லை.

உண்மையான நூலுரிமைக் கேள்வி வேறொன்று. மாணவர்களுக்கு அதுவே இன்னும் சுவையாக இருக்கும். ஷேக்ஸ்பியர் தனியாக எழுதாத நாடகங்கள் பல. 1634இல் அச்சான ஒரு நாடகத்தின் முகப்பிலேயே ஜான் ஃபிளெட்சரின் பெயரும் அவருடைய பெயரும் சேர்ந்து இருக்கின்றன. 'டைட்டஸ்' நாடகத்தில் ஜார்ஜ் பீலின் கை இருக்கிறது; 2016இல் வெளியான ஆக்ஸ்போர்டு பதிப்பு, 'ஆறாம் ஹென்றி' நாடகங்களில் மார்லோவையும் சேர்த்துக்கொண்டது. சொல்லாட்சி, யாப்பு, இணைப்புச் சொற்களின் பழக்கம் ஆகியவற்றைக் கணக்கிட்டு இதைச் செய்கிறார்கள்; ஆனால் அறிஞர் சிலர் இதை ஏற்பதில்லை.

டீச்சர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டதற்கு என் பதில், 1612ஆம் ஆண்டு வழக்கு. லண்டனில் ஷேக்ஸ்பியர் குடியிருந்த வீட்டுக்காரரின் மருமகன், பேசிய வரதட்சணையைக் கொடுக்கவில்லை என்று மாமனார்மீது தொடுத்த வழக்கு அது. திருமணத்தைப் பேசி முடிக்க உதவிய ஷேக்ஸ்பியர் சாட்சியாக வந்து, தொகை எவ்வளவு என்பது நினைவில்லை என்று சொல்லிக் கையெழுத்திட்டார். சாட்சிப் பதிவு அவரை ஸ்ட்ராட்போர்டைச் சேர்ந்தவர், வயது 48 அளவில் என்று குறிக்கிறது. 1909இல் வாலஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவர் மனைவியும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் தாள் தாளாகத் தேடி இதைக் கண்டெடுத்தனர். அதே வழக்கின் மற்றொரு சாட்சி ஜார்ஜ் வில்கின்ஸ். 'பெரிக்கிளிஸ்' நாடகத்தை ஷேக்ஸ்பியரோடு சேர்ந்து எழுதியவர் என்று இன்று பலரும் ஏற்பவர் அவரே. ஊர்க்காரரும் நாடகக்காரரும் ஒரே ஆவணக் கட்டுக்குள் சந்திக்கும் இடம் இது.

மறுமொழி: ஆசிரியை, சுங்கை சிப்புட்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வரதட்சணை வழக்கிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு அதன் பின்னணியை விளக்கவே வேண்டியதில்லை. அடுத்த வாரம் இரண்டு தாள் பயிற்சி, பிறகு உயில். தங்கை சொன்ன எச்சரிக்கையையும் மறவாமல் சொல்லுவேன். கேள்வி கேட்ட மாணவனுக்கு ஆறுதலைவிட வழிமுறைதான் நெடுநாள் துணையாக இருக்கும். கிராணி ஐயா, பழைய செக்ரோல் பக்கம் ஏதேனும் உங்களிடம் இருந்தால், ஆட்களின் பெயர் வெளிப்படாதபடி அதைக் காட்ட இயலுமா?

மறுமொழி: முன்னாள் தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

மற்றவர்களின் பெயர் வேண்டாம், டீச்சர். என் தகப்பனாரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்ட மூன்று தாள்கள் என்னிடம் இருக்கின்றன. சனிக்கிழமை ஐந்து மணிக்கு முன்பே மண்டபத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்.