ரப்பர் பேண்டுக்குள் 11 ஏ.டி.எம். அட்டைகள்: குடியிருப்போர் சங்கத்துக்குப் பொறுப்பு உண்டா?

பி-பிளாக் பொருளாளர்:
பழைய மகாபலிபுரம் சாலையில் 212 வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு 14 பேர், எல்லோரும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். சென்ற வாரம் பினாயில் கணக்குப் பார்க்க சூப்பர்வைசரின் மேசையைத் திறந்தேன். ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. அத்தனையும் ஏ.டி.எம். அட்டைகள். எண்ணினேன், 11. வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு இலக்கம்.

கேட்டதற்கு, "தொலைத்துவிடுகிறார்கள் சார், அதனால் நானே பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்றார். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணைத் தனியே விசாரித்தேன். சம்பளச் சீட்டில் 12,000. பிடித்தம் போக 10,470 வங்கியில் ஏறுகிறது. அன்று மாலையே சூப்பர்வைசர் அதில் 2,500 எடுத்துவிடுகிறார். ஊரிலிருந்து அழைத்து வந்தபோது கொடுத்த முன்பணத்துக்காம். எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கழிந்தது என்பது அவருக்கே தெரியவில்லை.

செயற்குழுவில் சொன்னேன். "பில்லுக்குப் பணம் கட்டுவதோடு நம் வேலை முடிந்தது" என்றார்கள். அப்படித்தானா?

நடுநிலை:
செயற்குழு சொன்னதில் தவறில்லை. மளிகைக் கடையில் பருப்பு வாங்கும்போது மூட்டை தூக்கியவருக்கு என்ன கூலி என்று யாரும் கேட்பதில்லை. ஒப்பந்தம் போடுவதே இந்தத் தலைவலி நமக்கு வேண்டாம் என்பதற்குத்தான். சூப்பர்வைசர் செய்தது தப்பு, ஆளை மாற்றச் சொல்லுங்கள். ஆனால் இதற்குள் நவீன அடிமைத்தனம், கொத்தடிமை என்று யாராவது ஆரம்பிப்பார்கள், பாருங்கள். கேட் திறந்துதான் இருக்கிறது. பிடிக்காவிட்டால் போகலாமே.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
தொழிலாளர் துறையில் இருந்தவன், நானே ஆரம்பிக்கிறேன். டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இலேயே சொல்லிவிட்டது: குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு. பசியும் வறுமையும் தரும் நெருக்கடியும் கட்டாயம்தான். கேட் திறந்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்தது, முன்பணம். 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவைப் பாருங்கள். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்.

ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தை நம்பிப் போகாதீர்கள். அது பொருந்தக் குறைந்தது 20 பேர் வேண்டும் என்று இருந்த வரம்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 50 ஆகிவிட்டது. உங்களிடம் 14 பேர்தான். ஆனால் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கொத்தடிமைச் சட்டத்துக்கும் ஆள் கணக்கு கிடையாது. அந்த 12,000 முதலில் அரசு நிர்ணயித்த ஊதியத்தை எட்டுகிறதா என்று பாருங்கள்.

ஒப்பந்தக்காரன்:
ஒன்பது ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கிறேன். அட்டையைப் பிடுங்கி வைப்பது திருட்டு, அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. பொருளாளர் ஐயா, ஓர் ஆளுக்கு என்ன விலைக்கு ஒப்பந்தம் போட்டீர்கள்?

பி-பிளாக் பொருளாளர்:
14,500. ஜி.எஸ்.டி. தனி. வந்த மூன்று விலைப்புள்ளிகளில் இதுதான் குறைவு.

ஒப்பந்தக்காரன்:
அதில்தான் விஷயம் இருக்கிறது. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 12,000. நிறுவனம் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய பி.எஃப்., நிர்வாகக் கட்டணமெல்லாம் சேர்த்து 13 சதவீதம்: 1,560. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம்: 390. போனஸ் 8.33 சதவீதம்: 1,000. மொத்தம் 14,950. வார விடுமுறையில் வரும் மாற்று ஆள், சீருடை, கையுறை, என் லாபம் எதுவும் இன்னும் சேரவில்லை.

நீங்கள் கொடுப்பது 14,500. மாதம் தலைக்கு 450 ரூபாய் நஷ்டப்பட எவனும் கடை திறப்பதில்லை. அந்த 2,500-ஐச் சேர்த்துப் பாருங்கள். 450 அடைபட்டு, மேலே 2,050 நிற்கும். முன்பணம் என்பது அதற்கு வைத்த பெயர். சம்பளம் வங்கியில் போட்டதற்கு ஸ்டேட்மெண்ட் இருக்கும், தணிக்கையில் எல்லாம் சுத்தமாக இருக்கும்.

அந்த டெண்டரில் நானும் கேட்டிருந்தால் 18,500 சொல்லியிருப்பேன். டெண்டர் கிடைத்திருக்காது, தபால் செலவுதான் வீண்.

துடைப்பக்காரி மகள்:
அண்ணா, கணக்கைச் சரியாகச் சொன்னீர்கள். நீங்கள் முன்பணம் கொடுப்பதில்லையா?

ஒப்பந்தக்காரன்:
கொடுக்கிறேன் அம்மா. ரயில் டிக்கெட், வீட்டுக்குக் கொஞ்சம், ஆளுக்கு 10,000 வரை. கொடுக்காவிட்டால் ஆள் வர மாட்டார்கள். இரண்டாவது மாதமே வேறிடம் போய்விட்டால் அந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு?

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
நீங்கள்தான் தம்பி. கடனைக் கேட்கலாம், ஆளைப் பிடித்து வைக்கக் கூடாது. கைச்சீட்டில் தொகை, கழிந்தது, மீதி மூன்றும் அவர்கள் மொழியில் இருக்கிறதா?

ஒப்பந்தக்காரன்:
நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. தமிழில்.

லண்டன் இரவுப்பணி:
படிக்க வந்த இடத்தில் இரவில் அலுவலகம் துடைத்தவன் நான். மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 35 மணி நேரம் வேலை வாங்கி, 20-க்கு வங்கியில் போட்டு, மீதியைப் பாதிக் கூலியில் கையில் கொடுத்தார்கள். புகார் சொன்னால் முதலில் மாட்டுவது என் விசா. அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். இங்கே 2015-இல் வந்த நவீன அடிமைத்தனச் சட்டப்படி, ஆண்டு வருமானம் 3.6 கோடி பவுண்டோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், தன் தொழிலில் அடிமைத்தனம் நுழையாமல் இருக்க என்ன செய்கிறது என்று அறிக்கை வெளியிட வேண்டும். எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என்று எழுதினாலும் அது அறிக்கைதான்! ஆகவே காகிதத்தை நம்பாதீர்கள்.

நடுநிலை:
லண்டன் கதை இருக்கட்டும். 18,500 என்றால் ஆளுக்கு 4,000 கூடுதல். 14 பேர், ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 212 வீடுகள். வீட்டுக்கு மாதம் 312 ரூபாய் வருகிறது. எங்கள் பிளாக்கில் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் பலர். அதிகம் கொடுத்தாலும் அது தொழிலாளியின் கைக்குப் போகும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

துடைப்பக்காரி மகள்:
நியாயமான கேள்வி ஐயா. என் அம்மா ஓர் ஐ.டி. வளாகத்தில் கழிவறை கழுவினார். இரண்டு ஆண்டுகள் பி.எஃப். பிடித்தார்கள். எடுக்கப் போனபோது கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லை. வளாகத்துக்கு மாதாமாதம் செலான் நகல் போயிருக்கிறது. செலானில் மொத்தத் தொகை இருக்கும், அம்மாவின் பெயர் இருக்காது. அதனால் அவரவர் பி.எஃப். பாஸ்புக்கை அவரவர் கைபேசியில் திறந்து பாருங்கள். சம்பளம் ஏறிய மறுநாள், சூப்பர்வைசர் இல்லாத நேரத்தில், ஒடியா தெரிந்த ஒருவரை வைத்து, கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொன்று. கோபத்தில் ஒப்பந்தத்தை இன்றே ரத்து செய்துவிடாதீர்கள். அவர்கள் தூங்கும் அறை யாருடையது? கான்ட்ராக்டருடையது என்றால் 14 பேரும் அன்றிரவே தெருவில் நிற்பார்கள்.

பி-பிளாக் பொருளாளர்:
நான்கு நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அறை கான்ட்ராக்டருடையதுதான், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பின்புறம், தகரக் கூரை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு போயிருக்கிறது. அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வைத்தோம். எங்கள் பிளாக் பையன் ஒருவன் உடன் போய் எல்லோருக்கும் ரகசிய எண்ணை மாற்றிக் கொடுத்தான். அன்று மாலை அந்த ஒடிசாப் பெண் வந்து தன் அட்டையை என்னிடம் நீட்டினார். அறைக்குப் பூட்டில்லையாம், நீங்களே வைத்திருங்கள் என்றார். வாங்கவில்லை. 14 பூட்டுப் பெட்டிகளுக்கு விலை கேட்டிருக்கிறேன். 312 ரூபாய் தீர்மானம் ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவில் வருகிறது.

நடுநிலை:
ஞாயிறன்று எதிர்த்துத்தான் கை தூக்குவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். பெட்டிகளுக்கு என் பங்கு எவ்வளவு என்று சொல்லுங்கள்.