விளையாட்டு மேலாண்மை: மாணவராக இருக்கும்போதே அனுபவம் பெற எங்கிருந்து தொடங்குவது?

வெள்ளைக்கோடு (கேள்வி)

வணக்கம். வணிக மேலாண்மையில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதுகலையில் விளையாட்டு மேலாண்மை படித்துவிட்டு, போட்டி நடத்தும் பணிக்கோ ஒரு கழகத்தின் நிர்வாகத்துக்கோ போக வேண்டும் என்பது என் எண்ணம். எந்த விளையாட்டிலும் கல்லூரி அணிக்காக ஆடியதில்லை. ஆனால் ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போதே, இந்த அட்டவணையைப் போட்டவர் யார், மழை குறுக்கிட்டால் முடிவெடுப்பவர் யார், இவ்வளவு கூட்டமும் வெளியேற எத்தனை வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் என் கவனம் போகிறது.

வேலை அறிவிப்புகள் எல்லாவற்றிலும் ‘முன்அனுபவம் தேவை’ என்றே இருக்கிறது. அதை மாணவராக இருக்கும்போது பெறுவதற்கு இப்போது என் முன்னே மூன்று வழிகள் உள்ளன. பெரிய பன்னாட்டுப் போட்டி ஒன்றுக்குத் தன்னார்வலர் பதிவு தொடங்கியிருக்கிறது. இளையோர் கால்பந்துத் தொடர் நடத்தும் சிறு கழகம் ஒன்று வார இறுதிகளில் உதவிக்கு ஆள் கேட்கிறது. விளையாட்டு நிகழ்ச்சிகளை நடத்தித் தரும் தனியார் நிறுவனம் ஒன்று ஆறு மாத இன்டர்ன்ஷிப் தர முன்வந்துள்ளது. அதற்கு ஊதியம் கிடையாது. ‘சமூக ஊடகமும் பிற பணிகளும்’ என்பதைத் தவிர வேறு விவரமும் கிடையாது. பெரிய போட்டியின் பெயர் விண்ணப்பத்தில் இருந்தால் அதற்குத் தனி மதிப்பு என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். இத்துறையில் இருப்பவர்கள் எதை முதலில் எடுப்பீர்கள், ஏன் என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

அழைப்பறை (மறுமொழி)

வணக்கம். தடகளப் போட்டிகளை நடத்தும் குழுவில் பணியாற்றுகிறேன். ஆடியதில்லை என்பதைக் குறையாக எண்ண வேண்டாம். ஒரு விளையாட்டின் விதிநூலை முழுமையாகப் படித்து வந்த மாணவரை, அந்த விளையாட்டை ஆடிவிட்டு விதிநூலைத் திறந்தே பார்க்காதவரைவிட விரைவாகப் பொறுப்பில் அமர்த்த முடியும்.

பெரிய போட்டிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஏறத்தாழ 70,000 தன்னார்வலர்கள் பணியாற்றினார்கள். விண்ணப்பித்தவர்கள் சுமார் 2,40,000 பேர். 2024 பாரிஸில் தன்னார்வலர்கள் ஏறத்தாழ 45,000 பேர். இவ்வளவு பேரை வைத்து வேலை வாங்க வேண்டுமென்றால், ஒவ்வொருவருக்கும் மிகக் குறுகிய ஒரு பணியைத்தான் பிரித்துத் தர முடியும். ஒரு வாயிலில் அனுமதி அட்டைகளைச் சரிபார்ப்பவர், அந்த அட்டையில் எந்த மண்டலத்துக்கு யாருக்கு அனுமதி என்பதை யார், எந்த அடிப்படையில் முடிவு செய்தார்கள் என்பதைப் போட்டி முடியும் வரை அறியாமலே இருக்கக்கூடும். அதற்காக அது வீண் என்று சொல்ல மாட்டேன். சீருடை அணிந்த பெருங்கூட்டம் ஒரே கட்டளைத் தொடரின் கீழ் எப்படி இயங்குகிறது, வாக்கிடாக்கியில் எதைப் பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்பதையெல்லாம் வேறெங்கும் அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. ஆனால் அது முதல் அனுபவமாக இருந்தால், பார்ப்பதன் பொருள் விளங்குவதற்கு முன்பே போட்டி முடிந்துவிடும்.

சிறிய போட்டியில் நிலைமை வேறு. ஒரு மாவட்ட அளவிலான தடகளப் போட்டியின் அழைப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் தொடங்குவதற்கு முன் வீரர்கள் வந்து பதிவு செய்யும் இடம் அது. பட்டியலில் உள்ள பெயரும் மார்பு எண்ணும் பொருந்துகின்றனவா, காலணி விதிக்கு உட்பட்டதா, கைப்பேசியை யாரும் உள்ளே கொண்டுபோகிறார்களா என்று பார்த்து, வராதவர்களைக் குறித்து, திருத்திய பட்டியலைத் தொடக்க நடுவருக்கும் நேரப்பதிவு மேசைக்கும் அனுப்ப வேண்டும். 2024 நவம்பர் முதல் ஓடுபாதைப் போட்டிகளில் காலணியின் அடித்தடிமன் 20 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பின் விதி சொல்கிறது. அந்த விதியைக் காகிதத்தில் படிப்பது எளிது. ஓட்டத்துக்குச் சற்று முன், பதற்றத்தில் நிற்கும் பதினெட்டு வயது வீராங்கனையிடம் இந்தக் காலணியுடன் ஓட முடியாது என்று பொறுமையாகச் சொல்லி, மாற்றுக் காலணி இருக்கிறதா என்று அவருடைய பயிற்சியாளரைத் தேடி ஓடுவதுதான் இந்தத் தொழில். ஆள் குறைவாக இருக்கும் போட்டியில் மாணவர் ஒருவர் இந்த மேசையில் நடுவரின் பக்கத்திலேயே அமர்ந்து வேலை செய்ய முடியும். ஆகவே, கழகம் முதலில், பன்னாட்டுப் போட்டி பிறகு என்பதே என் கருத்து. தன்னார்வலர் பதிவை மட்டும் இப்போதே செய்துவையுங்கள். பெரிய போட்டிகளில் பதிவுக்கும் பணிக்கும் இடையில் பல மாதங்கள் ஓடிவிடும். பயணச் செலவையும் தங்கும் செலவையும் பெரும்பாலும் நீங்களே ஏற்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நடுவர்மேசை (மறுமொழி)

மேலே எழுதிய நண்பருடன் முழுமையாக உடன்படுகிறேன். இளையோர் கால்பந்துத் தொடர்களில் பல காலமாகப் போட்டிச் செயலாளராக இருப்பவன் என்ற முறையில், கழகத்தில் சேர்ந்ததும் எந்த வேலையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். ‘எந்த வேலை என்றாலும் செய்கிறேன்’ என்று போய் நிற்பவருக்கு நாற்காலி அடுக்குவதும் தண்ணீர் பாட்டில் விநியோகிப்பதுமே கிடைக்கும். அந்த வேலைகளையும் செய்யத்தான் வேண்டும். ஆனால் அவற்றுடன் தொடக்கம் முதல் முடிவு வரை உங்கள் பெயரில் இருக்கும் ஒரு பொறுப்பையும் கேளுங்கள். என்னைக் கேட்டால், அட்டவணைதான் அதற்கு மிகப் பொருத்தம்.

13 அணிகள் பதிவு செய்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாக்அவுட் முறையில் 12 ஆட்டங்களில் தொடர் முடிந்துவிடும். முதல் சுற்றில் 3 அணிகளுக்கு ‘பை’ (ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு) தர வேண்டியிருக்கும், எந்த மூன்று என்பதில் உடனே சச்சரவு வரும். எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை ஆடும் லீக் முறை என்றால் 78 ஆட்டங்கள். ஒரே மைதானத்தில் நாளொன்றுக்கு 6 ஆட்டங்கள் என்றால் அதற்கே 13 நாட்கள் வேண்டும். சனி, ஞாயிறுகளில் மட்டும் ஆடினால் ஏழு வாரங்கள் ஆகும். நாக்அவுட்டில் முதல் ஆட்டத்திலேயே தோற்கும் சிறுவர்கள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்புவார்கள். ஆகவே அணிகளைப் பிரிவுகளாகப் பிரித்து, பிரிவுக்குள் லீக் ஆடவைத்து, அதன் பிறகு நாக்அவுட் வைக்கிறோம். 4, 3, 3, 3 என்று நான்கு பிரிவுகளாகப் பிரித்தால் பிரிவு ஆட்டங்கள் 15, பிரிவுக்கு ஓர் அணி வீதம் அரையிறுதிக்குப் போனால் மேலும் 3 ஆட்டங்கள், மொத்தம் 18. ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது இரண்டு ஆட்டங்கள் உறுதி. இதைப் போட்டு முடித்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஓர் அணிக்கு இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே போதிய ஓய்வு இருக்கிறதா, இரண்டு வயதுப் பிரிவுகளுக்கும் ஒரே பயிற்சியாளர் என்றால் அவர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நிற்க வேண்டி வருகிறதா, நடுவர்கள் எண்ணிக்கை போதுமா, முதலுதவிக் குழு எந்த நேரம் வரை இருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இவ்வளவு கேள்விகளும் ஒரே தாளில் வந்து சேர்வதால், அட்டவணையைப் போட்டுப் பழகியவருக்கு நிகழ்ச்சி மேலாண்மையின் பாதி கைவந்துவிடுகிறது.

இன்னொன்று. சிறுவர்கள் பங்கேற்கும் இடத்தில் உங்களைச் சேர்ப்பதற்கு முன் கழகம் உங்களுடைய பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். சிறுவர் பாதுகாப்பு விதிகளையும் சொல்லித் தர வேண்டும். அதை அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு கழகம் சொல்லும் பதிலிலிருந்து, அங்கே நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பது பெருமளவு தெரிந்துவிடும்.

கணக்குப்புத்தகம் (மறுமொழி)

மூன்றாவது வழியைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். ஊதியமில்லாத அந்த ஆறு மாத இன்டர்ன்ஷிப் எனக்குக் கவலை தருகிறது.

தன்னார்வப் பணியும் ஊதியமில்லா வேலையும் ஒன்றல்ல. பெற்றோர்கள் சேர்ந்து இலாப நோக்கமில்லாமல் நடத்தும் கழகத்துக்கு ஒருவர் தம் ஓய்வு நேரத்தைக் கொடுப்பது தன்னார்வம். இலாபத்துக்காக இயங்கும் நிறுவனத்தில், சம்பளம் வாங்கும் ஒருவர் செய்திருக்க வேண்டிய வேலையை மாணவர் மாதக்கணக்கில் இலவசமாகச் செய்வதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. இந்த எல்லைக்கோடு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2013-இல் நியூயார்க்கில் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக் பேஸ்பால் நடத்திய ஆல்-ஸ்டார் ரசிகர் விழாவில் ஊதியமின்றிப் பணியாற்றிய ஒருவர், தமக்குக் குறைந்தபட்ச ஊதியம் தரப்பட்டிருக்க வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். பருவகாலக் கேளிக்கை நிகழ்வுகளுக்குச் சட்டத்தில் உள்ள விலக்கைக் காட்டி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த முடிவு விலக்கு ஒன்றின் அடிப்படையில் வந்தது என்பதைக் கவனியுங்கள். இன்டர்ன்ஷிப்பைப் பொறுத்தவரை, அதனால் முதன்மையாகப் பயனடைபவர் மாணவரா, நிறுவனமா என்று பார்க்கும் அளவுகோலை அமெரிக்கத் தொழிலாளர் துறை 2018 முதல் பின்பற்றுகிறது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் அந்தக் கேள்வியை எந்த நாட்டு மாணவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளலாம்.

ஆகவே ஒப்புக்கொள்வதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்: யார் எனக்கு மேற்பார்வையாளர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நிகழ்ச்சியில் எந்தப் பகுதி என் பொறுப்பு, தேர்வுக் காலத்தில் விடுப்பு உண்டா, பயணச் செலவைத் தருவீர்களா, என் கல்லூரி இதைப் பாடத்திட்டத்தின் பகுதியாக ஏற்க ஒப்பந்தம் போடுவீர்களா? இவற்றுக்குத் தெளிவான பதில் வந்தால் யோசிக்கலாம். ‘வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் ஒதுங்கிவிடுங்கள். ஊதியமில்லாமல் ஆறு மாதங்கள் ஓட்டக்கூடிய வசதி உள்ளவர்கள் மட்டுமே இத்துறைக்குள் நுழைய முடியும் என்ற நிலை ஏற்கெனவே பல இடங்களில் இருக்கிறது. அந்த வசதி இல்லாத திறமையானவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வெள்ளைக்கோடு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கழகத்துக்கு இன்றே எழுதுகிறேன். நிறுவனத்துக்கு மேற்கண்ட கேள்விகளை அனுப்புகிறேன். ஒரே ஓர் ஐயம். கழகத்தில் வார இறுதிகளில் செய்யும் வேலையை முதுகலைக்கான தேர்வுக்குழு மதிக்குமா? அதை விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது?

இறுதிவிசில் (மறுமொழி)

விளையாட்டு மேலாண்மையில் முதுகலை முடிக்கும் நிலையில் இருக்கிறேன், அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மதிப்பார்கள். இந்தப் படிப்பே நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்தது. பேஸ்பால் அணி ஒன்றின் உரிமையாளராக இருந்த வால்டர் ஓ’மாலி, விளையாட்டு நிறுவனங்களை நடத்தத் தெரிந்தவர்களை எங்கிருந்து எடுப்பது என்று 1957-இல் கேட்ட கேள்வியே, ஓஹையோ பல்கலைக்கழகத்தில் 1966-இல் இத்துறைக்கான முதல் முதுகலைப் படிப்பு தொடங்க வித்தாக அமைந்தது. தேர்வுக்குழுவினர் இன்றும் தேடுவது அதைத்தான்.

ஆனால் ‘கால்பந்துத் தொடரில் தன்னார்வலராகப் பணியாற்றினேன்’ என்று எழுதினால் அவர்களுக்கு எதுவும் தெரியாது. என்ன நிலைமை இருந்தது, நீங்கள் எதை முடிவு செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்று எழுதுங்கள். நடுவர்மேசை நண்பர் சொன்ன அட்டவணையையே உதாரணமாகக் கொண்டால், எத்தனை அணிகள், எந்த முறையை ஏன் தேர்ந்தீர்கள், மழையால் நின்ற ஆட்டங்களை எங்கே நகர்த்தினீர்கள் என்பதை நான்கு வரிகளில் சொல்லிவிடலாம். இதற்காக ஒவ்வோர் ஆட்ட நாளின் மாலையிலும் சில வரிகள் எழுதிவையுங்கள். மாதங்கள் கழித்து நினைவிலிருந்து எழுதினால் எண்கள் தவறிவிடும். தயாரித்த ஆவணங்களின் நகலைக் கழகத்தின் அனுமதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வீரர்களின் பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண் ஆகியவற்றை அழித்துவிட்டே யாரிடமும் காட்டுங்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் ஊக்கமருந்துப் பரிசோதனையில் வீரருக்குத் துணையாகச் செல்லும் பணிக்கும் பதிவு செய்யுங்கள். வயது வந்தவர்களுக்கு மட்டுமே தரப்படும் இப்பணிக்குத் தனிப் பயிற்சி உண்டு. வீரரிடம் பரிசோதனை அறிவிப்பைத் தெரிவித்த கணத்திலிருந்து அவர் பரிசோதனை அறைக்குள் பதிவாகும் வரை அவரைக் கண்பார்வையிலிருந்து விடக் கூடாது. பரிசளிப்பு நடந்தாலும், செய்தியாளர் சந்திப்பு நடந்தாலும் பின்தொடர வேண்டும். நடைமுறை பிசகாமல் வேலை செய்பவர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று மாணவருக்கு எளிதில் கிடைக்காது.

நடுவர்மேசை

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொடர் முடிந்த வாரத்திலேயே கேளுங்கள். செயலாளரிடம் வெறுமனே ‘கடிதம் வேண்டும்’ என்று கேட்காமல், நீங்கள் பொறுப்பேற்ற வேலைகளின் பட்டியலை ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். எங்களுக்கு அடுத்த தொடருக்கான பதிவு அதற்குள் தொடங்கியிருக்கும். அந்தப் பக்கம் கையில் இருந்தால் அன்றிரவே எழுதித் தந்துவிடுவோம்.