லாரி கேபினுக்குள் புகை வருகிறது, சைலன்சரை மாற்றினால் போதுமா?

ஆத்தங்குடி_லோடு:
வணக்கம். பழைய பிஎஸ் 3 ஆறு சக்கர வண்டி, நாமக்கல்லில் கட்டிய கேபின், இன்ஜின் மூடி உள்ளேயே இருக்கும். ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றி மதுரை, திருச்சி பக்கம் போகிறேன். கொஞ்ச நாளாகக் கேபினுக்குள் புகை நாற்றம். ஓட்டத்தில் அவ்வளவாகத் தெரியாது, காரைக்குடிக்குள் ஊர்ந்து போகும்போதும் லோடோடு பாலம் ஏறும்போதும் கண் எரிகிறது. ராத்திரி ஓட்டினால் நெற்றிப்பொட்டு தெறிக்கிறது, இறங்கி ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும். கிளீனர் பையனுக்கும் அதே தலைவலிதான், அவன் பாதி வழி தூங்கி வழிகிறான். மெக்கானிக் வண்டியைப் பார்க்காமலேயே சைலன்சரை மாற்றச் சொல்கிறார். மச்சானோ கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டு, டீசல் புகை ஒன்றும் செய்யாது என்கிறார். செலவு பண்ணத் தயார், எதில் பண்ணுவது?

கோட்டையூர்_பட்டறை:
தம்பி, சைலன்சர் கேபினைத் தாண்டி சேசிஸுக்கு அடியில் கிடக்கிறது. அது ஓட்டையானால் சத்தம் கூடும், புகை பெரும்பாலும் பின்னால்தான் போகும். உங்களுக்கு உள்ளே வருகிறது, அதுவும் இன்ஜின் திணறும்போது வருகிறது என்றால் முதலில் மேனிஃபோல்ட் பக்கம் பாருங்கள், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்புகிற இரும்புக் குழாய் அது. காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். மேனிஃபோல்ட் இன்ஜின் ஹெட்டில் உட்காரும் இடம், டர்போவிலிருந்து பைப் இறங்கும் கிளாம்ப், அதற்குக் கீழே பெல்லோ என்கிற மடிப்புக் குழாய், இந்த மூன்றில் எங்கே கரி படிந்திருக்கிறதோ அங்கேதான் ஒழுகுகிறது. கரி தெரியாவிட்டால் சோப்புத் தண்ணீர் தெளித்து உடனே ஸ்டார்ட் பண்ணுங்கள், நுரை கிளம்பும். சூடானபிறகு பார்த்துப் பயனில்லை, இரும்பு விரிந்து சின்ன ஒழுக்கு தானாக அடைபட்டுவிடும். காலையில் டிக் டிக் என்று கேட்டுச் சூடானதும் நின்றுபோகிற சத்தம் இதுதான். கண் எரியாமல் வெறும் ஆயில் காந்தல் மட்டும் என்றால் அது வேறு கதை, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடுகிற பிரீதர் பைப்பைப் பார்க்க வேண்டும்.

தேவகோட்டை_ரஸ்தா:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஒழுக்கை அடைத்தால் மட்டும் போதாது. புகை உள்ளே வர ஒரு வழி வேண்டுமே. கியர் ராடைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருக்கும், மூடியைச் சுற்றி ரப்பர் செத்திருக்கும், பெடல் ஓட்டை, வயர் போகிற ஓட்டை. இருட்டியதும் ஒருவர் மூடிக்கு அடியிலும் வண்டிக்குக் கீழேயும் பிரகாசமான லைட்டைப் பிடிக்கட்டும், நீங்கள் உள்ளே உட்காருங்கள். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் புகையும் வரும். மச்சான் பேச்சைக் கேட்காதீர்கள். வண்டி ஓடும்போது கண்ணாடியை இறக்கினால் சில நேரம் உள்காற்று வெளியே இழுபட்டு, அந்த இடத்துக்கு அடியிலிருந்து புகைதான் ஏறும்.

லேப்_டெக்னீஷியன்_காரைக்குடி:
இன்ஜின் விஷயம் எனக்குத் தெரியாது, தலைவலி விஷயம் சொல்கிறேன். நாறுவதும் கண் எரிவதும் வேறு, கார்பன் மோனாக்சைடு வேறு. அதற்கு மணமே கிடையாது. டீசலில் பெட்ரோலைவிடக் குறைவு, இல்லாமல் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஒரே வண்டியில் இரண்டு பேருக்கும் தலைவலி, இறங்கினால் குறைகிறது என்பது அதற்கான அடையாளம். டீ குடித்ததும் சரியாகிறது என்கிறீர்கள், சாதாரணக் காற்றில் ரத்தத்தில் இருப்பது பாதியாகவே 4, 5 மணி நேரம் ஆகும். ஏறி மறுபடி ஓட்டினால் மேலே மேலே சேரும். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம், அது இதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி 98 காட்டும். பையன் தூங்கி வழிவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மயக்கமோ வாந்தியோ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் வண்டிப் புகை என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாது. இன்ஜினை ஓடவிட்டு கேபினில் படுக்கவே கூடாது.

ஆத்தங்குடி_லோடு:
பார்த்தேன். கடைசி சிலிண்டர் பக்கம் மேனிஃபோல்டில் நல்ல கரி, அதை இறுக்கிப் பிடிக்கும் ஒரு ஸ்டட் (மரை ஆணி) தலை இல்லாமல் ஒடிந்து நிற்கிறது. கியர் ராடு உறையும் கிழிசல். மெக்கானிக் இப்போது பேஸ்ட் பூசி விடலாம் என்கிறார்.

கோட்டையூர்_பட்டறை:
அந்தச் சூட்டில் பேஸ்ட் நிற்காது தம்பி, உதிர்ந்துவிடும். ஒடிந்த ஸ்டட் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும், வராவிட்டால் டிரில் போட்டு எடுக்கணும். மேனிஃபோல்டைக் கழற்றியபிறகு லேத்தில் கொடுத்து முகம் வளைந்திருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள், வளைந்த முகத்தில் புது கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) போட்டால் அதுவும் சீக்கிரம் ஊதும். ஸ்டட் எல்லாமே புதிதாகப் போடுங்கள், நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கி, ஒரு நடை ஓட்டி ஆறியபிறகு மறுபடி இறுக்கணும். கியர் ராடு உறையையும் மூடி ரப்பரையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். அதுவரை லோடு எடுக்காதீர்கள், பையனையும் ஏற்றாதீர்கள்.