பல்லை நறநறப்பதற்கு என்ன சொல்? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

க., பல் மருத்துவர், மதுரை:

அன்பர்களே, முகாமில் கொடுக்க ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். புரூக்சிசம் (தன்னையறியாமல் பல்லைக் கடித்து அரைப்பது), டி.எம்.ஜே. (காதுக்கு முன்னால் தாடை அசையும் மூட்டு) இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். போன வாரம் தையல் வேலை செய்யும் அம்மா ஒருவர் வந்தார். காதுவலி என்று இரண்டு வருடமாகக் காதுக்குச் சொட்டு மருந்து. காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன், மூட்டு ‘டக்’கென்று விரலில் தட்டியது. கடைவாய்ப் பற்கள் மேடு தேய்ந்து தட்டையாகிக் கிடக்கின்றன. ராத்திரி கடிப்பது அவருக்கே தெரியாது, பக்கத்தில் படுக்கும் மகள்தான் சொன்னாள். ‘பற்கடிப்பு’, ‘தாடை மூட்டு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

புலவர் சொ., தஞ்சாவூர்:

தாடை எதற்கு? ‘கொடிறுடைக்கும் கூன்கையர்’ என்று வள்ளுவர் தாடைக்குக் கொடிறு என்னும் சொல் தந்திருக்கிறாரே (குறள் 1077). ‘கொடிற்று மூட்டு’ என்க. ‘கொடிறும் பேதையும் கொண்டது விடாது’ என்னும் திருவாசகத்தில் அதே சொல் பற்றுக்குறடு. தட்டார் பட்டறைக் குறடும் இதன் திரிபு என்பது என் துணிபு. தூக்கத்தில் கவ்விக் கிடக்கும் வாய்க்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

தி., யாழ்ப்பாணம்:

எங்கட வீட்டில ‘பல்லு நறுமுறான்’ எண்டுதான் சொல்லுவினம். கடித்தல் வேறு, அரைத்தல் வேறு. புரூக்சிசத்தின் கிரேக்க வேரும் நறநறப்பைத்தான் குறிக்கிறது. ‘பல் நறுமல்’ என்று வைக்கலாமே.

ல., ஆசிரியை, சென்னை:

புலவர் ஐயா, கொடிறு என்று போட்டால் அந்த அம்மா மறுபடியும் காது மருத்துவரிடம்தான் போவார். எனக்கு உறுத்துவது ‘பற்கடிப்பு’தான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்றே நம் வீடுகளில் சொல்லி வளர்க்கிறோம். இரண்டு வருடம் பொறுத்தவரிடம் அதே சொல்லை நீட்டலாமா? பிள்ளை பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று பூச்சிமருந்து கொடுக்கும் வழக்கமும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். ‘பல் நறநறப்பு’ என்றால் சத்தமே சொல்லிவிடும்.

புலவர் சொ.:

அப்படியானால் புணர்த்தி எழுதுங்கள்: பன்னறநறப்பு. ‘மெலிமேவின் னணவும்’ (மெல்லெழுத்து வந்தால் லகரம் னகரமாகும்) என்பது நன்னூல். கல் + நெஞ்சு கன்னெஞ்சு ஆகவில்லையா?

க.:

ஐயா, புணர்த்தினால் அதில் பல் இருப்பதே தெரியாது. பிரித்தே விடுகிறேன். குழுவில் ஆறு பேர் ‘பல் நறநறப்பு’ என்கிறீர்கள், தாடை மூட்டு நிற்கிறது. அறிக்கையில் இப்படி வருகிறது: “தூங்கி எழும்போது நெற்றிப்பொட்டிலோ தாடையிலோ வலியா? வாய் திறந்தால் காதருகே ‘டக்’ சத்தமா? மூன்று விரல் நுழையும் அளவு வாய் திறக்கவில்லையா? பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள், பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.” தூங்கும்போது பல்லில் மாட்டும் நைட் கார்டுக்கு ‘இரவுக் காப்பு’ என்றால் வளையல், கோயில் காப்பு என்று பேச்சு நீள்கிறது. அந்த அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, “பல்லுக்கு உறையா சார்?” என்றார். ‘பல்லுறை’ என்றே போட்டுவிட்டேன்.

தி.:

பல்லுறை நல்லாயிருக்கு. ‘நறுமல்’ என்பதை அடுத்த பதிப்பிலாவது பாருங்கோ.

புலவர் சொ.:

அச்சாகட்டும். ஆனால் ‘தாடை மூட்டு’க்கு என் உடன்பாடு இல்லை என்று குழுவில் பதிவாக வேண்டும்.